முட்டிக்கு அடியில் ஒரு கம்பளி

இதை எழுத நினைத்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. கல்யாண வயதுப் பெண்ணின் முட்டியைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்வதா என்று ஒரு தயக்கம். என் அக்காவின் மனசு நோகுமே என்று இன்னொன்று. போன வாரம் அக்காவே போனில், "எழுதேன்டா, நாலு பேருக்கு ஆவும்" என்றாள்.

இங்கே அயர்லாந்தில் அடிபட்ட காலுக்குத்தான் வேலை அதிகம். கால்பந்து ஆடும் என் மகள் யசோவுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்கு முன்பே தொடையில் பலம் ஏற வேண்டும், கால் முழுசாக நீள வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் ஃபியோனா அவளைப் பயிற்சி செய்யவைத்தார். பிள்ளை பல்லைக் கடித்தபோது நான் கண்ணை மூடி, 'புத்தம் சரணம்' என்று திரிசரணம் சொன்னேன். எனக்கு மயக்கம் வருகிறதென்று நினைத்து அவர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. குடித்துவிட்டேன்.

இங்கே காத்திருக்க நாளாகும் என்பதால் ஆபரேஷனைப் பெங்களூரில் முடித்துக்கொண்டு, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அக்கா வீட்டில் தங்கினோம். சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் முறையே வேறு. நான் சின்னவனாக இருந்தபோது, சுரங்கக் குழியான ஷாஃப்டிலிருந்து முட்டி உடைந்து மேலே வந்தவர்களை ராஜா மாதிரி படுக்கவைத்து, முட்டிக்கு அடியில் கம்பளியைச் சுருட்டி வைப்பார்கள். கால் லேசாக மடங்கியிருந்தால் வலி தெரியாது. சுரங்கத்தில் பாறை விழுந்து முட்டி உடைந்த அத்தானுக்கு அக்கா அப்படித்தான் செய்தாள். யசோவுக்கும் செய்தாள். பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த ரேகாவுக்குத்தான் நிம்மதி இல்லை. கால் நீளவில்லை. இப்படியே இறுகிப்போனால் மறுபடி ஆபரேஷன், ஓட்டமும் சந்தேகம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் வரும் நேரம் பார்த்து அக்கா கம்பளியை மடித்துப் படுக்கையைச் சுத்தமாக்கிவிடுவாள். அதனால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. மறுநாள் அவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"முட்டிக்கு அணைப்பும்மா. எங்க வூட்டுக்காரருக்கும் இதான் வெச்சேன்."

"அப்புறம் அவரு கால நீட்டினாரா?"

அக்கா யோசித்தாள். "கடைசி மட்டும் நொண்டினாரு. நாங்க பாறையத்தான் திட்டினோம்."

"கம்பளி நல்லதுதாம்மா. எடம்தான் தப்பு" என்று ரேகா அதை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி அந்தரத்தில் நின்றது. "அத்த, உன் வைத்தியமே மேலு" என்று யசோ அழுதாள்.

"வாய மூடு கண்ணு, எனக்கே வயிறு எரியுது" என்ற அக்கா, அவள் காலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக முட்டி இறங்கியது. ஒரு காலையில் ரேகா முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அக்காவும் முயன்றாள். "போவலடா" என்றாள். நான் புத்தர் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அதே மூச்சில், "அப்ப கெளம்பிடுவீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யசோ இப்போது இங்கே ஓடுகிறாள். ஒவ்வொரு ஆட்டத்தையும் அக்கா போனில் பார்க்கிறாள். பந்தைப் பார்ப்பதில்லை, அந்த ஒரு காலைத்தான் பார்க்கிறாள். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் நானும் போனில் அக்காவின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

இதைப் பிறருக்குச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். பயிற்சியைச் சொல்லிப் புத்தரை விட்டுவிடாதீர்கள். கும்பிட்டதைச் சொல்லிப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். அக்காவைக் குறைத்து ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்.