ஹீரஸ்ஸகல இறக்கம்

கிருஷ்ணராஜால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்து, தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்திய நாளிலிருந்து எல்லாரும் அவரை உட்காரத்தான் சொன்னார்கள். கண்டியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. ஹீரஸ்ஸகல மேட்டில், பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தவர். இப்போது அலுவலகத்தில் ஒரு கதிரை காலியாக இருக்கிறது. அதில் உட்காருவதா, மேட்டுக்கே திரும்புவதா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். கதிரையை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

அதனால் விடிந்ததும் வாவிக்கரைக்குப் போய்விடுவார். கண்டியில் நீரிழிவு என்னும் சீனி வருத்தக்காரர் முதல் கால் உடைந்தவர் வரை எல்லாரும் சுற்றுவது வாவியைத்தான். முதலில் ஊன்றுகோலோடு சுற்றினார், பிறகு கையை வீசிக்கொண்டு. நொண்டல் போய்விட்டது. மாலையில் கணுக்கால் வீங்குவதை அவர் பொருட்படுத்தவில்லை.

“ஏங்க, சோத்தயாவது உக்காந்து தின்னுங்க,” என்றாள் மனைவி ஜெயராணி. “பெரஹெரா ஊர்வலத்துக்கா ஆள் எடுக்கிறாங்க, இந்த நட நடக்கிறீங்க?”

வெள்ளிக்கிழமை பேராதனை ஆஸ்பத்திரியில், பயிற்சி கொடுக்கும் ஷிபானாவிடம் நடந்து காட்டினார்.

“வாவிய நிக்காம சுத்தி வர்றேன் மிஸ். மேட்டுக்குப் போகலாம்னு சொல்லிருங்க.”

“வாவிக்கர தட்டத் தரதானே அண்ணே. படியில எறங்குங்க பாப்பம்.”

ஏறுவது சுலபமாக இருந்தது. இறங்கும்போது உடைந்த கால் மேல்படியில் நிற்க, மற்றதைக் கீழே வைக்கப் பார்த்தார். கணுக்கால் மடங்கவில்லை. குதிகால் கிளம்பி உடம்பு முன்னால் சாய்ந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“சொவத்துல கைய வச்சு, கால பின்னால நீட்டிப் பயிற்சி செய்யச் சொன்னேனே, செஞ்சீங்களா?”

“அது நின்ன எடத்துலயே செய்றது மிஸ்...”

“அதான் செய்யல்ல. கணுக்காலுக்கு மடிப்பு வரும். எப்ப வரும்னு சொல்ல ஏலா.”

அவர் நம்பவில்லை. திரும்பும் வழியிலேயே பஸ்ஸை விட்டிறங்கி ஹீரஸ்ஸகல மேட்டில் ஏறினார். உச்சிவரை போய்த் திரும்பியபோது, முகம் கீழே பார்க்க ஒரு படிகூட இறங்க முடியவில்லை. கடைசியில் ஏணியில் இறங்குபவரைப்போல மேட்டைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்தாள். “மீட்டர்காரரே, என்ன, ரிவர்ஸ் கியரா?”

அவரும் சிரித்து வைத்தார். வழுக்கிய படி எதுவென்று அடையாளம் தெரியாமலே அதைக் கடந்தார். எளிதான இடத்தில் தன்னைச் சோதித்துவிட்டு, தேறிவிட்டதாக நம்பியிருக்கிறார். அப்படி நம்புவதற்குப் பெரிய முட்டாள்தனம் தேவையில்லை, அவசரம் போதும்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வீரய்யா கேட்டார்: “கதிரையா, மேடா?”

“ரெண்டும் இல்லண்ணே. கெட்டம்பே ரூட்ட தாங்க.”

கெட்டம்பே ஆற்றோரச் சமதரை. ஓய்வுபெறப் போகிறவர்கள் கேட்டு வாங்கும் பகுதி.

“அது கெழடுங்க ரூட்டு கிருஷ்ணா. மேட்ட இப்ப ஒனக்குப் பதிலா பாக்கிற ரமேஸுக்கே குடுத்துட்டா அவன் திருப்பித் தரமாட்டான்.”

“தெரியும்ணே. உக்காந்தா கால் இப்படியே நின்னுரும். நடந்துக்கிட்டிருந்தா என்னைக்காவது மடங்கும்.”

“மடங்கலேன்னா?”

கிருஷ்ணராஜ் கதவைத் திறந்து வெளியே வந்தார். மாடிப் படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிடாமல், கைப்பிடியை விடாமல், பக்கவாட்டாக ஒவ்வொரு படியாய் இறங்கிப் போனார்.