ஆந்தைக்குத் தயிர் சாதம், ஜெனிக்குக் கோழி சூப்

தாயை இழந்த காட்டுக் குட்டிகளைக் கவனிக்கிறவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதுக்கு ஏற்கெனவே என்ன ஊட்டினீங்க?" என்பதுதான். அன்பு எதையாவது ஊட்டியிருக்கும். போன மாதம் ஒரே வாரத்தில் இருவருக்கு அநியாயம் நடந்தது. ஓர் ஆந்தைக் குஞ்சுக்குத் தயிர் சாதம் ஊட்டினார்கள். என் அக்கா மகள் ஜெனிக்கு, காய்கறி சூப் என்று சொல்லிக் கோழி சூப் கொடுத்தார்கள். குட்டியோ பிள்ளையோ வளர்த்து அவதிப்படுகிறவர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

சட்டைப் பை அணில்கள்

தாம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். வனத்துறை அனுமதியோடு நடக்கும் ஒரு மீட்புக் குழுவுக்காக, எங்கள் மொட்டை மாடி அறையில் குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இரும்புலியூர் ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், மரம் வெட்டிய இடத்தில் கிடந்த மூன்று அணில் குட்டிகளைச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். கண் திறக்காத, கனவிலேயே கால் உதைக்கிற குட்டிகள். சிரிஞ்சில் பால் கொடுத்தால் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் தூங்கிவிடும், கூடவே நானும்.

பை ஏன் ஈரம் என்று கேட்டேன். குட்டிகளின் வாயில் டீ ஊற்றியிருக்கிறார். பத்து நிமிடம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னாக்கா பண்றது, எனக்கே பசிச்சா டீதான்."

ஷூ டப்பா

பல்லாவரத்திலிருந்து ஒரு சார் ஷூ டப்பாவோடு வந்தார். உள்ளே புள்ளி ஆந்தைக் குஞ்சு, அலகில் காய்ந்த சோறு. மூன்று நாளாகத் தயிர் சாதமாம். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பூச்சியும் எலியும் தின்கிற பறவை சார் இது என்று ஆரம்பித்தவள், அவர் கண் கலங்கியதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். "எங்க வீட்ல முட்டைகூட நுழைஞ்சதில்லம்மா. எங்க பிள்ளைக்குக் குடுக்கறதைத்தானே குடுத்தோம்?"

தோல் உள்ளவை மட்டும்

அக்காவுக்கும் மாமாவுக்கும் மஸ்கட்டில் வேலை. ஏழு வயது ஜெனி என்னிடம் வளர்கிறாள். சர்ச் முடிந்து வந்தால் கறிக்குழம்பு மணக்கிற வீடு எங்களுடையது. போன வருஷம் தட்டில் இருந்த மீனைப் பார்த்து, "இது எங்க போய்க்கிட்டிருந்துச்சு?" என்று கேட்டாள். அன்றோடு மீன், கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

சூப் கொடுத்தது அஸ்தினாபுரத்தில் இருக்கும் அவள் அத்தை. கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன எலும்பு கிடந்திருக்கிறது. அதன் பிறகு ஜெனி, தானே தோல் உரிக்க முடிந்ததை மட்டும் தின்றாள்: வாழைப்பழம், வேர்க்கடலை, ஆரஞ்சு. அவற்றுக்குள் யாரும் எதையும் ஒளித்துவைக்க முடியாதாம். ஐந்து நாளில் சீருடை தொளதொளத்துப் போனது. அத்தையோடு போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். "நல்லதுக்குச் சொன்ன பொய்யைக் கர்த்தர் மன்னிப்பார்டி. நீ ஒண்ணு பெத்துப் பாரு, தெரியும்."

பீட்ரூட்

ஆறாம் நாள் மாலை. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாதவை போல மிதந்துகொண்டிருந்தன. அணில்கள் ஒரே பந்தாகச் சுருண்டு தூங்கின. ஆந்தை மட்டும் வாயைத் திறக்கவில்லை. இடுக்கியில் கோழித் துணுக்கைப் பிடித்து, அலகில் தொட்டுத் தொட்டுக் காத்திருந்தேன்.

ஜெனி பின்னால் வந்து நின்றாள். "அது என்ன சித்தி?"

பிள்ளை மனசு நோகக் கூடாதே என்று நினைத்தேன். "பீட்ரூட்" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. ஆந்தையும் அவளும் ஒரே மாதிரி, இமைக்காமல் என்னைப் பார்த்தார்கள். அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அத்தையிடம் ஒரு மணி நேரம் ஓயாத வாய்க்கு மூன்றே சொல்தான் மிஞ்சியது.

"கோழி. பொய் சொல்லிட்டேன்."

"ஆந்தை கோழி சாப்பிடும்னு எனக்குத் தெரியுமே" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அலகின் ஓரத்தை ஒரு விரலால் மெல்லத் தடவினாள். அலகு திறந்தது. துணுக்கு உள்ளே போனது. இன்னொன்றும் போனது.

என் வாதங்கள் அத்தனையும் சேர்ந்து சம்பாதித்துத் தராததை, நான் தோற்றுப் போனது சம்பாதித்துத் தந்தது: "எனக்கு உப்புமா வேணும் சித்தி. உள்ள என்ன போட்டீங்கன்னு கேப்பேன். நீங்க சொன்னா நம்பறேன்."