வேலிக்கு அந்தப் பக்கத்துக் கல்வாழை

கல்வாழைக்கு அடக்க ஒடுக்கம் என்பதே கிடையாது. ஒரு கிழங்கைப் புதைத்தால் இரண்டு மாரிக்குள் பத்தாக எழும்பி நிற்கும். தெற்கே கடை வைத்திருந்த என் கணவர், அறுபதுகளின் நடுவில் ஒரு லீவில் வந்தபோது, சிவப்புப் பூக்கிற இனம் என்று ஒரு கிழங்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கிணற்றுக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரம் நட்டேன். எங்கள் ஊர் நாரந்தனையில் பாதிக் கிணறு உவர். எங்களுடையது நல்ல தண்ணீர். அண்ணைக்கும் எனக்கும் பாதிப் பாதி, நடுவில் வேலி.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். பூவைப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டாள்.

"எனக்கும் ஒரு கிழங்கு தாருமன்."

"இப்ப கிண்டினா பட்டுப்போம்" என்றேன். சுத்தப் பொய். ஊரில் என்னிடம் மட்டும்தான் இருக்கவேண்டும் என்ற நாய்க்குணம்.

அடுத்த சோளகம், அந்த வறண்ட தென்மேல் காற்று, என் பக்கத்து இலைகளையெல்லாம் தீய்த்துப்போட்டது. அப்போதுதான் கண்டேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுக் கல்வாழைக் கன்றுகள். பூ இல்லாத காலத்தில் இனம்பிரிப்பது லேசில்லை. என்னுடைய இனத்துக்கு இலை விளிம்பில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். நான் விளிம்பைப் பார்க்கவேயில்லை. களவெடுத்துவிட்டாள் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியில் போய்வர விட்டிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்தேன்.

முதல் கிழங்கு மேலே வரும்போதே மச்சாள் ஓடிவந்தாள்.

"உமக்கென்ன விசரே? அனலைதீவில அம்மா வீட்டயிருந்து கொண்டந்தனான்!"

"கள்ளி! வாயைத் திறந்தா பொய்!"

அவள் என் தலைமயிரைப் பிடித்தாள். நான் அவள் முகத்தில் அறைந்தேன். சட்டை கிழிந்தது. இருவரும் புழுதியில் உருண்டோம். எழும்பி நான் மறுபடி மண்வெட்டியை ஓங்க, அவள் குனிந்து மிச்சக் கன்றுகளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு அதை மறைத்து எனக்கு என்ன வரப்போகிறது? வெட்டு வலக்கையில் இறங்கியது. அவள் கத்தவில்லை, கையைத்தான் பார்த்தாள். கத்தியது நான்.

அண்ணை வந்து வேலிக்கதியால் தடி ஒன்றைப் பிடுங்கி என் முதுகில் நாலு போட்டார். பிறகு அவளை வாடகைக் காரில் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார். கை தப்பியது. சின்னிவிரலும் மோதிரவிரலும் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய ஏழு கன்றையும் கிண்டியெடுத்து, தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டி, முளைக்கண் பார்த்துக் கிழங்குகளைப் பிரித்து, அன்று பின்னேரமே என் வாய்க்காலோரம் நட்டேன். சிலதில் இரத்தம் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டு நட்டேன்.

கார்த்திகை மழையில் பூத்தது. மஞ்சள். ஏழும் மஞ்சள்.

மண்வெட்டி எடுத்துக் கொத்தினேன், சிதைத்தேன், துண்டு துண்டாக அரிந்து எறிந்தேன். எறிந்த துண்டெல்லாம் முளைத்தது. அடுத்த மாரிக்கு வாய்க்கால் முழுக்க மஞ்சள்.

அண்ணை வேலிப் பொட்டை முள்ளால் அடைத்துவிட்டார். இரண்டு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கிணற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தண்ணீர் அள்ளினோம், முகம் பாராமல்.

அப்போதுதான் என் மகள் பெரியபிள்ளையானாள். தாய்மாமனின் மனைவிதான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். வேறு யாரையாவது பிடிக்கலாம் என்றார்கள் இனசனம். மகள் அறைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டாள்:

"மாமி வராட்டி நான் குளிக்கமாட்டன். நீங்கள் செய்த வேலைக்கு நானே பலி?"

போனேன். வாசல் படலையில் நின்றேன். மச்சாள் இடக்கையால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிக்கச் சொல்லி வரேல்லை. பிள்ளைக்குத் தண்ணி வார்க்க வாரும்" என்றேன். அவள் கூட்டிக்கொண்டேயிருந்தாள்.

சடங்கன்று சனம் கூடிவிட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஈரப் பலகையில் மகள் தலைகுனிந்து குந்தியிருந்தாள். அப்போது மச்சாள் பட்டுச்சேலையோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் குடத்தைத் தூக்கினாள். விரல்கள் பிடிக்கவில்லை. குடம் நழுவி அவள் காலடியில் உடைந்தது.

இன்னொரு குடம் கொண்டுவந்து வைத்தார்கள். மச்சாள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தனிய ஏலாது. மற்றப் பக்கம் நீர் பிடியும்."

பிடித்தேன். தண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்து ஓடியது. குடத்தைக் கீழே வைத்ததும் ஈரச் சேலையோடேயே வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வெட்டுக்குப் பிறகு, சாகும்வரை அவள் என்னோடு பேசியது அந்த ஒரு பேச்சுத்தான்.