சீர்ப் பெட்டியில் சிவந்த மஞ்சள்

லூர்து அக்கா, நீ போன பிறகு பட்டறையில் உன் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் எழுதுகிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரிப்பதைத்தான் கேட்க ஆசையாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஏலாக்குறிச்சியில் எங்கள் அப்பாவுக்குத் தச்சுப் பட்டறை. அவர் செய்யும் முக்காலி, தொட்டில், பெட்டி எல்லாவற்றுக்கும் நானும் அக்காவும்தான் வர்ணம் பூசுவோம். சீமையில் யுத்தம் வந்ததும் அரியலூர்க் கடைக்குப் பெயிண்ட் டின் வருவது நின்றுவிட்டது. வெறும் மரமாக நின்ற பெட்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சுண்ணாம்புல செம்மண்ணு கரைச்சு செவுத்துக்கு அடிக்கிறாங்களே, அதையே மரத்துக்கு அடிச்சா என்னப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"அடி, அடி. மாடு வந்து நக்கிட்டுப் போவட்டும்" என்றார் அப்பா.

முதல் முக்காலி

அக்கா அப்படியே கரைத்து ஒரு முக்காலிக்கு அடித்தாள். காய்ந்ததும் அழகாகத்தான் இருந்தது. அப்பா அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு.

"என்ன தேவசகாயம், பாதி காவி கட்டிட்டே? மீதிய எப்ப கட்டப்போறே?" என்று தெருவே கேட்டதாம்.

வர்ணத்தைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்று அக்காவுக்குப் புரிந்தது. பிசின் போட்டுப் பார்த்தாள், கஞ்சி ஊற்றிப் பார்த்தாள். கடைசியில் பால்தான் பிடித்தது. ஆடை எடுத்த பாலைப் புளிக்கவிட்டு, திரிந்த கட்டியைத் துணியில் பிழிய வேண்டும். அதில் சலித்த சுண்ணாம்பைச் சேர்த்துக் குழைத்தால் பசை மாதிரி ஆகும். அதில் செம்மண்ணோ மஞ்சள் காவியோ சேர்க்கலாம். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும், மறுநாள் நாறிவிடும். கனமாக ஒரு தடவை பூசினால் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய் போடாத வர்ணம் கதவில்லாத வூடு, எது வேணுமானாலும் உள்ளே வரும் என்பாள் அக்கா.

அது எவ்வளவு நிஜம் என்று சீக்கிரமே தெரிந்தது.

உடையார்பாளையத்துப் பெட்டி

உடையார்பாளையத்தில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். பெண்ணின் பெயர் செல்லம்மா. அவளுக்குச் சீர்ப் பெட்டி செய்யச் சொன்னார்கள். சந்தன நிறத்தில் பூசினோம். எண்ணெய் தேய்ப்பதற்கு முன்பே வண்டி வந்து நின்றது.

"நாளைக்கு அஷ்டமி. பொட்டி இன்னிக்கே வூட்டுக்கு வந்தாவணும்" என்றார் செல்லம்மாவின் மாமா.

"இன்னும் எண்ணெ போடலீங்க" என்றாள் அக்கா.

"எண்ணெ தலைக்குப் போடறது புள்ளே. பொட்டிக்கு எதுக்கு?"

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே அதே வண்டி திரும்பி வந்தது, எங்களை அழைத்துப்போக.

போய்ப் பார்த்தால், கூடத்தில் பெட்டி தனியாகக் கிடந்தது. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். பெட்டியின் மூடியில் ரத்தத்தில் தோய்த்து வைத்தது போல விரல் தடங்கள்.

"மஞ்சப் பொட்டு வச்சேன். வச்சதும் கண்ணு முன்னாடியே ரத்தமாச்சு" என்று செல்லம்மாவின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ள வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னு போயிரும். என்ன எழவுடி பூசினீங்க?"

அப்பா முன்னால் போய், "இனிமே எம்பொண்ணுங்க வர்ணத்தத் தொடாதுங்கம்மா" என்று கும்பிட்டார். எனக்கும் பயம்தான். வாய்க்குள்ளேயே அருள்நிறை மரியே செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் செல்லம்மா நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

அக்கா மட்டும் குனிந்து தடத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சிரிக்கிறா பாரு!" என்று ஓர் அத்தை சீறினார்.

"அத்தே, கோவிச்சுக்காதீங்க. மாப்பிள்ள வந்தா ஆரத்தி யாரு எடுக்கறது?"

"நாந்தான்."

"தண்ணியில என்ன கரைப்பீங்க?"

"இது தெரியாதா? மஞ்சளும் சுண்ணா..."

அத்தை பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இந்த வர்ணமே சுண்ணாம்புலதான் குழைச்சதுங்க" என்றாள் அக்கா. "மஞ்சள் பட்டதும் செவந்துருச்சு."

அத்தையே ஓடிப்போய் மஞ்சள் எடுத்து வந்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு விரல் வைத்துப் பார்த்தார். எல்லோரும் பார்க்கும்போதே அது சிவந்தது.

"அடியாத்தி! பொண்ணுக்கு முன்னாடி பொட்டி ஆரத்தி எடுத்துக்கிச்சே!"

கதவுக்குப் பின்னாலிருந்து செல்லம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு வர்ணம் பூசித் தருகிறோம் என்று அப்பா சொன்னார். அவள் விடவில்லை. "அழிக்காதீங்க. இதோடவே நான் போறேன்" என்றாள். அக்காவும் நானும் அங்கேயே தங்கி, காய்ந்த பிறகு எண்ணெய் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தோம். கல்யாணம் நன்றாக நடந்தது.

அதற்குப் பிறகு பெண் வீட்டுக்காரர்கள் எண்ணெய் போடுவதற்கு முன்பே மஞ்சளோடு பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள், தங்கள் கையால் பொட்டு வைக்க.

நான் கற்றது இதுதான். வர்ணம் காய்ந்து எண்ணெய் போடும்வரை பெட்டியை வெளியே விடாதீர்கள். வாங்குபவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்: புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உலர்ந்த துணி போதும், வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் காட்டினால் போதும். யாராவது பதறி ஓடி வந்தால், முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அக்காவும் பதறாமல் கேள்விதான் கேட்டாள்.

போன ஐப்பசியில் விஷக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ரொம்ப நாள் நான் பாலைப் புளிக்க வைக்கவே இல்லை. இந்த வாரம் பூலாம்பாடியிலிருந்து ஒரு தொட்டிலுக்குக் கேட்டு வந்தார்கள். தனியாகக் குழைத்துப் பூசினேன். அப்பா வந்து விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. "நல்லா புடிச்சிருக்கு. அடுத்ததையும் நீயே பூசு" என்றார்.

பூசுவேன். இதைப் படிக்கிறவர்கள் மாதாவைக் கும்பிட்டாலும் சரி, மாரியாத்தாளைக் கும்பிட்டாலும் சரி, இன்று விளக்கேற்றும்போது எங்கள் லூர்துவின் பெயரையும் ஒரு தடவை சத்தமாகச் சொல்லி, அவள் ஆத்துமா இளைப்பாற வேண்டிக்கொள்ளுங்கள்.