வரைபடத்தில் நான் வைத்த புள்ளி

குரோம்பேட்டையில் ஒரு வண்ணமீன் கடை. மகளுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். மேசைமேல், காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பையில், நீல உடம்பும் மஞ்சள் விளிம்புமாக, விரல்நகம் அளவே உள்ள ஓடில்லாத கடல்நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்கே பிடிச்சது?" என்றேன்.

"நம்ம கோவளம் பக்கந்தான் மேடம். எந்தப் பாறைனு நெட்லயே மேப் போட்டிருக்காங்களே," என்றார் கடைக்காரர்.

அந்த மேப்பைப் போட்டவள் நான்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். அந்த நத்தை மன்னார் வளைகுடாவைத் தாண்டி வடக்கே கிடையாது என்றுதான் வகுப்பில் சொல்லிவந்தேன். இரும்புலியூரில் எங்கள் தெருவுக்குக் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, என் போனில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க கல்லாண்ட கீதே டீச்சர்" என்றபோது நான் நம்பவில்லை. ஒரு ஞாயிறு காலை அவரே கூட்டிப்போனார். கடல் உள்வாங்கியிருந்தது. அவர் மட்டி பறிக்கும் பாறையின் அடியில், வெயில் படாத பக்கம், ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சின்மேல் ஏழெட்டு இருந்தன. அந்தப் பஞ்சைத் தவிர வேறெதையும் அவை தின்பதில்லை. கிளம்பும்போது அக்கா, "யாராண்டயும் சொல்லாத டீச்சர். ஆளுங்க வந்து கல்லப் பொரட்னா எங்க மட்டியும் பூடும்" என்றார். தலையாட்டினேன். பிறகு, இடத்தைத் துல்லியமாகச் சொல்லாத கட்டுரையை யார் ஏற்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வரைபடத்தில் அந்தப் பாறையின்மேலேயே புள்ளி வைத்து ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

கடையிலிருந்து நேராகக் கோவளம் போனேன். பாறைகள் மல்லாந்து கிடந்தன. கடற்பஞ்சு காய்ந்து வெளுத்திருந்தது. செத்த மட்டிகள் வாய்பிளந்து நாறின. அக்கா வெறுங்கூடையோடு நின்றிருந்தார். என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "உன் பேரச் சொல்லிக்கினுதான் வந்தானுங்க டீச்சர்."



இதழுக்கு எழுதி வரைபடத்தை நீக்கவைத்தேன். அதற்குள் அது எங்கெங்கோ பரவிவிட்டது. அக்கா பல மாதம் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. போன வாரம் வந்தார். சங்கரா மீனைச் செதில் சீவியபடி, தலைநிமிராமல், "அந்த நத்த வேற எடத்துல கீது" என்றார்.

எங்கே என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அரைக் கிலோ போதும்க்கா," என்றேன்.