அழுக்குக் கரண்ட்

தம்பிராசாவின் ஜெனரேட்டரைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் அவன் பொறுத்துக்கொள்வான். சத்தம் என்பார்கள், புகை என்பார்கள், கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து இருமியது என்பார்கள். கேட்டுவிட்டுப் போய்விடுவான். யோகமலர் ரீச்சர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் இத்தனை வருஷமாகியும் அவனால் விழுங்க முடியவில்லை. வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்க, "உங்கட கரண்ட் அழுக்குக் கரண்ட், அண்ணை" என்று சொன்னார். பிழை கரண்டில் இல்லை என்று பிறகு தெரியவந்தது. அதைக் கொம்பியூட்டர் பூட்ட வந்த லாபிருக்குச் சொன்னார், பிள்ளைகளுக்குச் சொன்னார், கோயில் ஐயருக்குக்கூடச் சொன்னாராம். தம்பிராசாவுக்குச் சொல்லவில்லை.

ரீச்சரின் வீடு உட்துறைமுகப் பக்கம், கடற்படைக்காரரின் முள்ளுக்கம்பி முடிகிற இடத்துக்குக் கிட்ட. தகப்பன் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த காலத்தில் கட்டிய வீடு. அறைகளுக்குக் குறைவில்லை, இருப்பதற்குத்தான் ஆளில்லை. தமையன் எண்பத்தைந்தில் லண்டனுக்குப் போனார். தங்கச்சி தொண்ணூறில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனாள். கடைசித் தம்பி கனடாவுக்கு. படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்று ரீச்சர் நின்றார். தாயும் போய்ச் சேர்ந்தபோது ரீச்சருக்கு நாற்பது கடந்துவிட்டது, பெண் கேட்டு வருகிற வயதில் இருந்தவர்களும் ஊரில் இல்லை.

வீட்டு விறாந்தையில் ரைப்பிங், தட்டச்சு வகுப்பு வைத்திருந்தார். எதிர் ஒழுங்கையில் வள்ள எஞ்சின் திருத்துகிற தம்பிராசாவின் பட்டறைக்கு அந்தத் தடதடப்பு நாள் முழுக்கக் கேட்கும். அவனுக்கு அது இடைஞ்சலாக இருந்ததில்லை. அவனுடைய பெண்சாதியும் மகளும் தொண்ணூறிலிருந்து மண்டபம் அகதி முகாமில். இவன் பட்டறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இங்கே. ஒழுங்கையில் வேறு வீடுகளும் பூட்டிக் கிடந்தன. பொழுது பட்டு ரைப்ரைட்டர் ஓய்ந்தால் நாய் குரைக்கிற சத்தமும் கடற்படைப் படகின் சத்தமும்தான் மிச்சம்.

இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு ரீச்சரின் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது குறைந்தது. பட்டினத்தில் புதிதாகக் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியிருந்தார்கள், குளிரூட்டி போட்ட அறை. ரைப்பிங் படித்து இனி ஆருக்கு வேலை கிடைக்கப் போகிறது என்று தாய்மார் கேட்டார்கள். அதே நேரம் கனடாத் தம்பி டெலிபோனில், அக்கா வீட்டைப் பூட்டிப்போட்டு வந்துவிடு என்று நெருக்கிக்கொண்டிருந்தான். ரீச்சர் இரண்டு ரைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றார். லாபிரைக் கூப்பிட்டு ஒரு கொம்பியூட்டர் பூட்டித் தரச் சொன்னார்.

"இது எழும்பினா நான் இருப்பன்," என்று படலையடியில் நின்று தம்பிராசாவிடம் சொன்னார். "எழும்பாட்டித் தம்பியிட்டப் போய், அவன்ர வீட்டுக்குக் கீழ ஒரு நிலவறை இருக்காம், அதுக்க இருந்து சோறு காய்ச்ச வேண்டியதுதான்."

"எழும்பும் ரீச்சர்," என்றான் தம்பிராசா. அவனுக்குக் கொம்பியூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கேட்க வேறு ஆளில்லாமல் தன்னிடம் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

லாபிர் கிண்ணியாக்காரன். ரேடியோ திருத்தித் திருத்திக் கொம்பியூட்டருக்கு வந்தவன். வாய் ஓயாது. சாமான்களைக் கொழும்பில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டி பெட்டியாகத் திறக்கச் சொன்னார்களாம். கொம்பியூட்டரின் மூளையான பெரிய பச்சைப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிக்காரன், அதில் ஒரு ரூபாய் நாணயக் குத்தி அளவில் பளபளவென்று இருந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டானாம்.

"பற்றறி எண்டு சொல்லிட்டன், என்ட மடத்தனம்," என்று சிரித்தான் லாபிர். "நகத்தால கிண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டான். மத்ததெல்லாம் போகலாமாம், பற்றறி ஏலாதாம்."

"அது இல்லாமல் வேலை செய்யுமோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"அது மணிக்கூட்டுக்கு மட்டும், டீச்சர். நேரத்தைப் பிழையாக் காட்டும். கையில ஒண்டு கட்டியிரிக்கிங்கதானே."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிராசாவும் சிரித்தான். அந்த நாட்களில் பற்றறி என்றால் அப்படித்தான், குண்டுக்கு உதவும் என்று ஆமி மறிக்கும். இயக்கத்தின் கையிலிருந்த வன்னிக்கோ வெருகல் பக்கமோ ரேடியோ கொண்டுபோகிறவன் பற்றறியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம். ஒரு சாமானில் பற்றறி இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்கிற பழக்கமே ஆருக்கும் விட்டுப் போயிருந்தது.

பகலில் கரண்ட் பாதி நேரம் இராது. தம்பிராசா ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து கிணற்றடியில் வைத்து, வயரை யன்னலுக்குள்ளால் கொடுத்தான். லாபிர் சீடித் தட்டைப் போட்டு விண்டோஸ் ஏற்றத் தொடங்கினான். பாதி ஏறியது. பிறகு திரை முழுவதும் நீலமாகி எழுத்துக்கள் வந்து நின்றன. ரீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலிஷை வாசித்தார்.

"சாவுக்குரிய பிழையாம்."

"ஆருக்குச் சாவாம்?" என்று யன்னலுக்கு வெளியே நின்ற தம்பிராசா கேட்டான்.

"எனக்குத்தான் போல இரிக்கி," என்றான் லாபிர்.

திருப்பிப் போட்டான். திருப்பியும் நீலம். வேறு தட்டு மாற்றினான், தட்டுப் போடுகிற பெட்டியை மாற்றினான், ராம் என்கிற நினைவுக் குச்சியைக் கழற்றி அதன் பல்லை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினான். ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக ஏறும், ஒரு நாள் தொடக்கத்திலேயே விழும். கடைசியில் பெட்டியைச் சாக்கால் சுற்றித் தன் கடைக்கே கொண்டுபோனான். கிண்ணியாவுக்கு அப்போது பாலமில்லை. பாதை என்று சொல்கிற மிதவையில் ஏற்றி, துறையின் இரண்டு பக்கமும் திறந்து காட்டி, கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கே ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிற்றாம். இரண்டு நாள் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கொண்டுவந்து ரீச்சரின் மேசையில் வைத்துப் போட்டான்.

நீலம்.

லாபிர் யன்னலால் கிணற்றடியைப் பார்த்தான். ரீச்சரும் பார்த்தார். விறாந்தையில் நின்ற பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"கடையில ஏறினது இங்க விழுகுதெண்டா," என்றான் லாபிர், "வித்தியாசம் ஒண்டுதானே, டீச்சர்."

அப்போதுதான் ரீச்சர் அந்தச் சொல்லைச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்பதுபோலச் சொன்னார். அதுதான் தம்பிராசாவுக்குச் சுட்டது. வெட்டிக் குத்தியிருந்தால் திருப்பி நாலு சொல் சொல்லியிருப்பான்.

அவன் ஜெனரேட்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தான். காபனைக் கழுவினான், பிளக் புதிதாகப் போட்டான். இரும்புக் கம்பியொன்றைக் கிணற்றடி ஈரத்தில் அடித்து இறக்கி எர்த் கொடுத்தான். பல்பைப் பூட்டிப் பார்த்தான், வெளிச்சம் ஆடாமல் அசையாமல் நின்றது. திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். கொம்பியூட்டர் திருப்பியும் விழுந்தது. பிள்ளைகள் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு பட்டின வகுப்புக்குப் போகப் போவதாக அவர்கள் கதைப்பதையும் கேட்டான். ரீச்சர் தம்பிக்கு டெலிபோன் எடுக்கப் போனதாக ஒரு பிள்ளை சொன்னாள்.

பிழையைப் பிடித்தது ரீச்சர்தான். ரைப்பிங் படிப்பித்த ஆள், எந்தத் தாளின் தலையிலும் திகதி இல்லாவிட்டால் அவருக்குப் பொறுக்காது. லாபிர் கொடுத்திருந்த, விண்டோஸ் ஏறாமலே ஓடுகிற சின்னத் தட்டைப் போட்டால், கொம்பியூட்டர் முதலில் ஒரு திகதியைக் காட்டி, சரிதானா என்று கேட்கும். எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதி என்று காட்டும். ரீச்சர் சரியான திகதியை அடித்துக் கொடுப்பார். பின்னேரம் வகுப்பு முடிய, இடி மின்னல் பயத்தில் வயரை உருவி வைப்பார். மறுநாள் போட்டால் அது திருப்பியும் எண்பதாம் ஆண்டில் நிற்கும். இவர் திருப்பியும் அடிப்பார்.

ஒரு நாள் அடிக்கப் போன கையை எடுத்துவிட்டு லாபிரைக் கேட்டார். "நேற்று நான் சொல்லிக் குடுத்ததை இது இண்டைக்கு மறந்துபோகுது. திகதியை மறக்கிற சாமான் வேற என்னத்தையெல்லாம் மறக்கும்?"

லாபிர் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். அவன் வாங்கிய நினைவுக் குச்சி கொஞ்சம் மெதுவான சாதி. பலகையைத் தன் பாட்டில் விட்டால் அதை ஓட ஓட விரட்டி விழுத்தும். அதனால் கடையில் வைத்துப் பூட்டிய இரண்டு தரமும் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தான். குறைத்ததை அவன் மறக்கவில்லை. பலகைதான் மறந்தது. கடையில் வயரை உருவாமல் வைத்திருந்தபடியால் நினைவிருந்தது. மிதவை ஏறி வருகிறபோதே மறந்துவிட்டது. இங்கே ஒவ்வொரு இரவும் மறந்தது. அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய பற்றறி ஆமிக்காரனின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

வேகத்தைக் குறைத்துவிட்டுப் போட்டார்கள், ஏறியது. வயரை உருவிவிட்டுப் போட்டார்கள், விழுந்தது. திருப்பிக் குறைத்தார்கள், ஓடியது. இவ்வளவும் தம்பிராசாவின் ஜெனரேட்டரில்தான். அவன் கிணற்றடியில் அந்த இரைச்சலுக்குள் நின்றான். உள்ளே பிள்ளைகள் கை தட்டுவதும் ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் யன்னலால் தெரிந்தது. ஆரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தால் லாபிர் மட்டும் வந்தான்.

"அண்ணன், டோர்ச் லைட் பற்றறி ரெண்டு கிடக்கா?"

"என்னத்துக்கு?"

"ரெண்டையும் சேர்த்தா அந்த வட்டப் பற்றறிர வலு வரும். ஈயம் வெச்சு ஒட்டி வெளியால தொங்க விட்டா மறக்காது."

பட்டறையில் வைத்து, தம்பிராசாவின் டோர்ச் லைட்டிலிருந்தே கழற்றிய இரண்டையும் ஒட்டுகிறபோது லாபிர் முழுக்கதையும் சொன்னான். தம்பிராசா கேட்டுக்கொண்டு நின்றான்.

"அப்ப என்ர கரண்ட்?"

"ஒங்கட கரண்டுக்கு என்ன? தங்கமான கரண்ட்."

"அதை அங்க போய்ச் சொல்லு."

"அவவுக்குத் தெரியும் அண்ணன். அவதானே கண்டுபிடிச்ச."

தெரியும் என்றால் சொல்லட்டும் என்று தம்பிராசா இருந்தான். ஒரு மாதம் ரீச்சரோடு கதைக்கவில்லை. ஜெனரேட்டரை மட்டும் ஒரு நாள் தவறாமல் கொண்டுவந்து வைத்தான். அவன் கதைக்காமல் இருந்ததை ரீச்சர் கவனித்ததாகவும் தெரியவில்லை. அது இன்னும் சுட்டது.

ரீச்சர் போகவில்லை. சமாதானக் காலம் வந்தது. சாம்பல்தீவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். கொம்பியூட்டர் மூன்றாகியது. ஆமிக்காரன் பிடுங்கிய சாதிப் பற்றறியையும் லாபிர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து போட்டான், ஆரும் மறிக்கவில்லை. பின்னேரங்களில் ரீச்சர் படலையில் நின்று, வெளிக்கிட்டுப் போகிற பிள்ளைகளுக்குக் கை காட்டுவார். பிறகு உள்ளே போய்ப் பூட்டுவார். கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்படுவது தம்பிராசாவுக்குக் கேட்கும். அந்த வீட்டில் கதவுகள் கனக்க இருந்தன. எண்பதாம் ஆண்டில் படுக்க இடமில்லாமல் உறவுக்காரப் பொடியன்கள் விறாந்தையில் பாய் போட்ட வீடு.

இரண்டாயிரத்தாறில் சந்தையில் குண்டு வெடித்தது. கடைகள் எரிந்தன. குடாவுக்கு அங்கால் செல் விழுகிற அதிர்வில் ரீச்சர் வீட்டு யன்னல் கண்ணாடிகள் கலகலத்தன. சாம்பல்தீவுப் பிள்ளைகள் முதலில் வராமல் நின்றார்கள், பிறகு நிலாவெளிப் பிள்ளைகள், பிறகு பட்டினத்துப் பிள்ளைகளும். ஒரு பின்னேரம் தம்பிராசா வழமைபோல ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். விறாந்தையில் ஒரு செருப்பும் இல்லை.

"போடவோ ரீச்சர்?"

"போடுங்கோ."

போட்டான். வகுப்பு முடிகிற நேரம்வரை அது ஓடியது. ரீச்சர் தனியே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். தம்பிராசா கிணற்றுக் கட்டில் இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் யன்னல் திறந்துதான் கிடந்தது. அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாள் ரீச்சர் யன்னலடிக்கு வந்து, "நிப்பாட்டுங்கோ அண்ணை, பெற்றோல் வீண்," என்றார். அவருடைய தம்பி விசாவுக்கு எழுதிவிட்டான் என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

போகிற அன்று காலை வான் ஒழுங்கை முகப்பில் நின்றது. ஒரு சூட்கேஸ்தான். தம்பிராசா அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சொல்வார், இப்பவாவது சொல்வார் என்று அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரீச்சர் வேறு கதை கதைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கொம்பியூட்டரை லாபிர் எடுத்துவிட்டானாம். முதல் பூட்டினதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லையாம், அது மேசையிலேயே இருக்கிறதாம். லண்டன் தமையனுக்கு நெஞ்சு வருத்தமாம். கனடாவில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாம்.

"எப்ப திரும்பி வருவீங்கள் ரீச்சர்?"

"ஆருக்குத் தெரியும்."

வான்காரன் ஹோர்ன் அடித்தான். ரீச்சர் ஏறியிருந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவை மூடப் போன தம்பிராசாவை மறித்து, வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"அண்ணை, கிழமைக்கு ஒருக்கா அந்தக் கொம்பியூட்டரை உங்கட கரண்டில போட்டு விடுங்கோ. சும்மா கிடந்தா உப்புக் காத்துத் திண்டிடும்."

"எனக்கு அதில ஒண்டும் தெரியாதே."

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. போட்டிட்டு, பக்கத்தில ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. அது முழுசா எழும்பி வருமட்டும் இருந்திட்டு நிப்பாட்டுங்கோ. இடையில விட்டிட்டுப் போயிடாதேங்கோ."