எல்லார் போனிலும் ஒன்று

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் ஏலக்காய் காயவைக்கும் அந்த ஸ்டோரில் வரிசை என்றால் சாக்குதான். பச்சைக்காய்ச் சாக்கை யார் முதலில் வாசலில் கொண்டுவந்து போடுகிறாரோ அவர் காய் முதலில் உலர்த்தும் அறைக்குள் போகும். ஜீப் வைத்திருப்பவர் முந்துவார், தலைச்சுமையாக வருபவர் பிந்துவார். பிந்தினால் மறுநாள்தான். பறித்த காய் ஈரத்தோடு விடிய விடியச் சாக்கில் கிடந்தால் பச்சை போய் வெளுத்துவிடும். வெளுத்த காயை வண்டன்மேட்டு ஏலத்தில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

இதை மாற்றிக் காட்டுகிறேன் என்று ஸ்டோர்க்காரரிடம் வாயைக் கொடுத்தவள் நான். டீ ஃபேக்டரியில் எடை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, போனில் வீடியோ பார்த்து ஜாவா படித்தவள். காலையில் வீட்டிலிருந்தே போனில் முறை எடுக்கலாம், நம்பர்படி சாயங்காலம் வந்தால் போதும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாய் வேகத்துக்கு வேலையும் ஓடுனா சரிதான்" என்றார்.

வாய் ஓடியது. வேலை நின்றது. போனிலிருந்து வரும் கேள்வியை வாங்கிப் பதில் அனுப்ப ஒரு ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் வைத்திருந்தேன். உள்ளே யாருக்கு எந்தப் பொருள் வேண்டுமோ அதைச் செய்து கையில் கொடுக்க ஒரு கன்டெய்னர். முறைப் பட்டியல் என்ற பொருளை ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டும், கேட்பவர் எல்லாருக்கும் அதே ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும் என்று கன்டெய்னரிடம் சொல்லியிருந்தேன். எல்லாரும் ஒரே நோட்டில் எழுதினால்தானே வரிசை?

ஆனால் அந்த ஃப்ரேம்வொர்க் சொந்தமாக இன்னொரு கன்டெய்னரை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தது. கேள்வி வந்ததும் அது தன் மடியில்தான் தேடும். என்னுடையதைத் திரும்பியும் பார்க்காது. பட்டியல் கிடைக்கவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இங்கே இரண்டும் இருந்தன, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. நடுவே பாலமாக ஒரு சின்ன நிரலைப் போட வேண்டும் என்று படித்தேன். பாலத்தின் பதிப்பும் ஃப்ரேம்வொர்க்கின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை. உலையில் அரிசி போட்டதை மறந்துவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். பத்தாம் நாள் பொறுமை போய், அந்தப் பட்டியலை ஃப்ரேம்வொர்க்கின் பக்கத்திலும் இன்னொரு தடவை பதிந்துவிட்டேன். சிவப்பு மறைந்தது. என் போனில் முறை கேட்டேன். ஒன்று என்று வந்தது. தனியாக ஓடினால் ஆமையும் முதல்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன் முறை தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டோர் வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒன்பது போனிலும் ஒன்று.

ஜீப்பில் சாக்கு கொண்டுவந்திருந்த அண்ணன் தன் போனை எல்லார் முகத்துக்கும் நேரே காட்டினார். "எனக்கும் ஒண்ணு, ஒனக்கும் ஒண்ணு. ஏம்மா, ஒன் கம்ப்யூட்டரு ஒண்ணாம் வாய்ப்பாட்டத் தாண்டலயா?"

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குத்தகைக்கு எடுத்த மேட்டில் தனியாளாகப் பறித்த நாலு சாக்கை வந்தவர்களில் கடைசியாக இறக்கியிருந்தாள். "நீ சொன்னன்னுதான் புள்ள மெதுவா வந்தேன். முன்னாடின்னா மத்தியானமே ஓடியாந்துருப்பேன்" என்றாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டோர்க்காரர் கையை உதறினார். "அஞ்சு பேரு காய்க்குத்தான் இன்னைக்குக் காயவைக்கத் தட்டு இருக்கு. பழையபடி சாக்கு வரிசையில ஏத்துங்கப்பா."

சாக்கு வரிசையில் அக்கா ஒன்பதாவது.

"அண்ணாச்சி, பத்தே நிமிசம்" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். உட்கார முடியவில்லை. விறகின் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாருக்கும் எப்படி ஒன்று? மூன்றாவது சுற்றில் நின்றேன். நான் இரண்டாவது தடவை பதிந்தேனே, அங்கே ஒன்றே ஒன்று போதும் என்று சொல்லவே இல்லை. கேள்வி வர வர ஃப்ரேம்வொர்க் புதுப் பட்டியல் செய்திருக்கிறது. வந்தவருக்கெல்லாம் ஒரு வெள்ளை நோட்டு, அதில் முதல் வரி. எழுதி முடித்ததும் நோட்டு குப்பைக்கு.

பட்டியல் போய்விட்டது. ஆனால் எந்த போனிலிருந்து எத்தனை மணிக்குக் கேள்வி வந்தது என்பதை சர்வர் தன் லாக் கோப்பில் வரி வரியாக எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அதுலயும் ஒண்ணு ஒண்ணுன்னுதான் இருக்கும்" என்றார் ஜீப் அண்ணன்.

"நம்பர்தான் தப்புண்ணே, நேரம் தப்பில்ல. நீங்க எப்ப அழுத்துனீங்க, நீங்களே சொல்லுங்க."

"காப்பி குடிக்கையில. எட்டு இருக்கும்."

எட்டு நாலு என்று இருந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்தார், ஸ்டோர்க்காரரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இன்னும் இரண்டு பேர் தாங்கள் அழுத்திய நேரத்தைச் சொல்ல, அவையும் ஒத்துவந்தன.

"சரி, மொத ஆளு யாரு?" என்றார் ஸ்டோர்க்காரர்.

முதல் வரியை வாசித்தேன். ஐந்தரை மணி. என் போன். விடியுமுன்னே எழுந்து, ஓடுகிறதா என்று அழுத்திப் பார்த்தது நானேதான்.

"ஒன் சாக்கு எங்கம்மா?" என்று ஜீப் அண்ணன் குனிந்து தேடிக் காட்டினார். வாசலே சிரித்தது.

இரண்டாவது வரி ஆறு பத்து. அது அக்கா.

என்னைத் தள்ளிவிட்டு எண்ணினோம். அக்காவின் நாலு சாக்கும் முதலில் உள்ளே போயின. ஆறாவது வரியில் இருந்த ஜீப் அண்ணன் ஐந்தாவது ஆளாகித் தப்பினார். மிச்சம் நாலு பேர் காயைக் கீழே உள்ள ஸ்டோருக்குத் தன் ஜீப்பிலேயே ஏற்றிப் போனார். "கேலி பண்ணுனதுக்குக் கூலி" என்றார்.

ஸ்டோர்க்காரர் என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நாளைக்குள்ள."

மறுநாள் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. ஃப்ரேம்வொர்க் பக்கம் நான் திருட்டுத்தனமாகப் பதிந்ததை அழித்தேன். பதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, பாலத்தை ஒழுங்காகப் போட்டேன். இனி பட்டியல் வேண்டுமென்றால் அது என் கன்டெய்னரிடம் வந்துதான் கேட்க வேண்டும். என் போனில் அழுத்தினேன். ஒன்று. அந்த ஒன்றை நான் நம்பவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா ஸ்டோரிலிருந்து வந்த காயை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். பச்சை மாறவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு போனை எடுத்து அழுத்தினாள்.

"ரெண்டுன்னு வருது புள்ள" என்றாள், முகம் சுருங்கி. "அப்ப நேத்தைக்கு விட எறங்கிட்டேனா?"